குதிரைக்காரன் சீட்டு

“நல்லா கலச்சிட்டியாண்ணே? அப்புறம் என்னயக் குத்தம் சொல்லக் கூடாது.”

கட்டிலில் சாய்ந்தபடியே நல்லம்மாள் கையை நீட்டினாள். ஜெயபாலன் சீட்டுக் கட்டை விரித்துப் பிடித்தான். எலும்பும் தோலுமான அந்தக் கை ஒரு சீட்டை உருவியது.

“மூட்டைக்காரன். எஸ்டேட்ட வித்தப்ப அப்பா நம்பள இழுத்துக்கிட்டு ஈப்போவுக்கு வந்தாரே, அதே மாதிரி நிக்கிறான் பாரு. நாய் மட்டும் கூடுதல்.”

ஜெயபாலன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிச்சொல்லைப் பழைய கம்ப்யூட்டரில் தட்டினான். பச்சை எழுத்துகள் ஓடி நின்றன. கடைசிக் கதவு திறக்கவில்லை.

“குதிரைக்காரன் நம்ப பக்கமே வரமாட்டேங்குறான்லா” என்றாள் நல்லம்மாள்.

“வருவான். நாளைக்குப் பாப்போம்.”

மூன்று பாகமாக வந்த விளையாட்டு அது. திரையில் ஒரு பெண் ஊர் ஊராகப் போவாள். ஒவ்வொரு கதவிலும் நாம் ஒரு சீட்டை உருவ வேண்டும், எது வருகிறதோ அதுதான் அவள் தலையெழுத்து. இடி விழுந்த கோபுரம் வந்தால் சேர்த்து வைத்ததெல்லாம் போச்சு. தலைகீழாகத் தொங்குகிறவன் வந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நோயில் வீட்டோடு முடங்கிய நல்லம்மாளுக்குப் பொழுது போகட்டும் என்று, கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சீனிதான் சும்மா கிடந்த மெஷினோடு இதைக் கொண்டுவந்து கொடுத்தான். சீட்டுகளை அவன் நகலெடுத்துத் தர, அச்சகத்தில் வேலை செய்யும் ஜெயபாலன் மிச்சமான கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி வெட்டினான். அதனால் எல்லாச் சீட்டின் முதுகிலும் தங்க நிற மயில் இருந்தது.

சீட்டுக் கட்டுக்குள் ஒரு சீட்டு மட்டும் இல்லை. குதிரைமேல் வரும் எலும்புக்கூடு. அது ஜெயபாலனின் வேலைப் பைக்குள் கிடந்தது.

“பயப்படாதீங்கலா, அதுக்கு சாவுன்னு அர்த்தமில்ல. பழசு முடிஞ்சிச்சு, புதுசுக்குப் போறாங்க, அவ்வளவுதான்” என்று சீனி முதல் பாகத்திலேயே சொல்லியிருந்தான். கடைசிக் கதவு அந்தச் சீட்டுக்குத்தான் திறக்கும் என்றும் சொல்லியிருந்தான்.

அர்த்தம் என்னவாக இருந்தால் யாருக்கு என்ன? டாக்டர் ஜெயபாலனைத் தனியாக அழைத்து, “ரெண்டு கிட்னியும் போச்சு. இனிமே வீட்டுல சந்தோஷமா வச்சுக்குங்க” என்று சொல்லி அனுப்பிய அன்று, விஷயம் தெரியாத நல்லம்மாள், “அந்தக் கடைசிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னன்னு பாத்துட்டா போதும்ணே. எனக்கு வேற ஆச இல்ல” என்றாள். அவள் கண்ணயர்ந்ததும் சீட்டை எடுத்து ஒளித்துவிட்டான்.

கதவு திறக்காதவரை தங்கச்சி இருப்பாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பிடித்துக்கொள்ள அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

“நான் வேலைக்குப் போனப்புறம் இதப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியா?” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தான்.

“எந்திரிச்சு உக்காரவே ஆள் வேணும். இதுல தனியா வேற விளையாடறேனாக்கும். போண்ணே.”

சீனி அவ்வப்போது வந்து மெஷினைத் துடைத்துவிட்டுப் போவான். கதவு திறந்ததா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மட்டும் நல்லது என்று ஜெயபாலன் நினைத்துக்கொண்டான்.

இப்படியே மாதங்கள் ஓடின. மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு மாரியம்மா அச்சகத்துக்குப் போன் பண்ணினாள். அவன் புந்தோங்கில் இருந்த வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கருமாதி கழிந்ததும் கம்ப்யூட்டரையும் டிஸ்க் பெட்டியையும் தூக்கிக்கொண்டு சீனியின் கடைக்குப் போனான்.

“இருக்கட்டுமேண்ணே. இதுக்கு என்ன அவசரம்?”

“வீட்டுல அதப் பாக்க முடியல சீனி.”

பைக்குள் கைவிட்டு அந்தச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். “ஒரே ஒரு தடவ அந்தக் கதவத் திறந்து காட்டு. பாவி, நான்தான் இத எடுத்து வச்சேன். ஒரே ஒரு ஆசதான் சொன்னா, அதையும் பாக்க விடாம அனுப்பிட்டேன்.”

சீனி அந்தச் சீட்டைத் தொடவில்லை. டிஸ்க் பெட்டியைத் திறந்து, இரண்டாம் பாகத்தின் உறையைத் தேடி எடுத்துக் கவிழ்த்தான். ஒரு சீட்டு விழுந்தது. அதே குதிரை, அதே எலும்புக்கூடு. முதுகில் மயில் இல்லை, வெறும் வெள்ளை அட்டை.

ஜெயபாலன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “இது ஏது?”

“நீங்க ஒளிச்சு வச்ச மறுவாரமே தங்கச்சி என்கிட்ட கேட்டு வாங்கிருச்சுண்ணே. டாக்டர் சொன்ன விஷயமும் அப்பவே அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீங்க வேலைக்குப் போன நேரம், மாரியம்மா அக்கா தாங்கிப் பிடிச்சிருக்க, கதவத் திறந்து முழுசும் பாத்துருச்சு.”

“அப்ப தினமும் சாயங்காலம் என்கூட உக்காந்து...”

சீனி தலையைக் குனிந்துகொண்டான்.

“‘கதவு இன்னும் திறக்கலன்னே அண்ணன் நெனச்சுக்கிட்டு இருக்கட்டும் சீனிண்ணே, அப்பத்தான் அது பயமில்லாம வேலைக்குப் போவும்’னு சொல்லிச்சு.”