எல்லாம் அப்படியே இருக்கு

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கறேன். உள்ள இருக்கறது எதுவும் அழியக் கூடாது. என் பொழைப்பே அதுலதான் இருக்கு."

கணவர் இதைக் காலையிலிருந்து எத்தனை தடவை சொல்லிவிட்டார் என்று அவளுக்குக் கணக்கே விட்டுப்போயிற்று. ஸ்டூடியோ கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மேஜைமேல் கிடந்த கேமராவையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"அழியாதுங்க. நாளைக்குக் கல்யாண ஆர்டர். போன வாரம் மாதிரி நட்டநடுவுல கேமரா அசையாம நின்னுட்டா என்ன பண்ணுவீங்க? புது அப்டேட் போட்டாதான் சரியாகும்னு கம்பெனிக்காரனே சொல்றான்."

படம் எடுப்பது அவர். அதைக் கம்ப்யூட்டரில் திருத்தி ஆல்பமாக்குவது அவள். அதனால் இந்த மாதிரி வேலைகளெல்லாம் அவள் தலையில்தான் விழும். முன்பெல்லாம், "உன் இஷ்டம், என்னமோ பண்ணு" என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஒரு மாதம் படுத்து எழுந்தாரே, அதற்கப்புறம்தான் இந்தப் பதற்றம். டாக்டர் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அனுப்பினார். ஆனால் மனுஷர் அன்றிலிருந்து கேமராவைக் கழுத்தைவிட்டு இறக்குவதில்லை. கடைத்தெருவுக்குப் போனாலும் அது கூடவே போகும்.

பேட்டரியை முழுக்க ஏற்றியிருந்தாள். அவருடைய செட்டிங் மொத்தத்தையும் ஒரு மெமரி கார்டில் சேமித்து, அதைக் கழற்றித் தனியே வைத்தாள். இன்னொரு கார்டைக் கேமராவிலேயே அழித்துக் காலியாக்கிவிட்டு, அப்டேட் ஃபைலை அதில் ஏற்றிக்கொண்டாள்.

"ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்து வச்சுக்கறேன். அப்புறம் இது போச்சு அது போச்சுன்னு என் உயிரை எடுப்பீங்க."

மெனுவைத் தள்ளிக்கொண்டே வந்தவளின் விரல் ஒரு பக்கத்தில் நின்றது. முகப் பதிவு. சின்னச் சின்னதாக நிறைய முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். 'தம்பி'. 'பொண்ணு'. 'ஆல்பம் பைண்டர்'. 'மாடி வீட்டுக்காரர்'. அவள் முகத்துக்குக் கீழே 'ஹோம் மினிஸ்டர்'.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சொந்தப் பொண்ணுக்குப் பேர்ச்சீட்டு ஒட்டி வச்சிருக்கீங்களா?"

"பதிஞ்சு வச்சா, கூட்டத்துல அந்த முகத்துக்கு ஃபோகஸ் தானாப் போகும், திரையில கீழ பேரும் வரும். அதுக்குத்தான்."

"சரி, மாடி வீட்டுக்காரர் எதுக்கு? அவரை எந்தக் கல்யாணத்துல எடுக்கப் போறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "நீ வேலையைப் பாரு" என்றார்.

கார்டைப் போட்டு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்தது. பாதிவரை வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"என்னடி, நின்னு போச்சு?"

"இருங்க, வரும்."

"வரலையே! அவ்வளவுதான், எல்லாம் போச்சு!" அவர் கை பேட்டரி மூடிக்குப் பாய்ந்தது. அவர் மணிக்கட்டை அவள் எட்டிப் பிடித்தாள்.

"கையை எடுங்க! இப்பக் கழட்டினா கேமராவே போயிடும்!"

ஒரு கேமராவுக்காக இவர் இப்படிப் பதறி அவள் பார்த்ததில்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோடு ஒருமுறை துடித்தது, விறுவிறுவென்று ஓடி முடிந்தது. திரை அணைந்து, மறுபடி ஒளிர்ந்தது.

சேமித்து வைத்த கார்டைச் செருகி, செட்டிங்கை ஏற்றினாள். அவர் விரும்பும் நிறம், சத்தமில்லாத ஷட்டர், மாற்றிவைத்த பொத்தான்கள் என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கடைசியாக முகப் பதிவைத் திறந்தாள்.

'பதிவு எதுவும் இல்லை.'

மறுபடி ஏற்றிப் பார்த்தாள். ஊஹூம். கம்பெனியின் செய்முறைப் பக்கத்தைக் கீழ்வரை தள்ளினாள். முகப் பதிவுகள் இந்தச் சேமிப்பில் சேராது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தான், பாவி.

நிமிர்ந்து பார்த்தாள். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. "எல்லாம் இருக்கா? முகமெல்லாம்?"

இதைச் சொன்னால் இவர் இன்று சோறு தண்ணி தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மகள் ஹாஸ்டலிலிருந்து வருகிறாள். எல்லோரையும் நிற்கவைத்து மறுபடி பதிந்துவிட்டால் தீர்ந்தது. அவருக்குத் தெரியவே வேண்டாம்.

"எல்லாம் அப்படியே இருக்கு" என்றாள்.

"அப்பாடா!" கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும்தான் அவர் முகத்தில் ரத்தம் வந்தது. "நீ கெட்டிக்காரிடி."

கதவு மெல்லத் திறந்தது.

வாசலில் மகள்! ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னவள், தோளோடு முடியை வெட்டிக்கொண்டு, பையும் கையுமாக நின்றாள். சொல்லாதே என்று அம்மாவைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். இவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

அரவம் கேட்டு அவர் திரும்பினார். கேமராவைத் தூக்கி, வந்தவளை நோக்கிப் பிடித்துத் திரையைப் பார்த்தார். மகள் தலையைச் சாய்த்து, பல் தெரியச் சிரித்து போஸ் கொடுத்தாள். மஞ்சள் கட்டம் அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது. கட்டத்துக்குக் கீழே எதுவும் வரவில்லை.

அவர் கேமராவை இறக்கினார். முக்காலியை மரியாதையாக முன்னால் இழுத்துப் போட்டார்.

"வாங்க மேடம், பாஸ்போர்ட் சைஸா?"