பெயர் கேட்டால் போயிடுவார்

"பெயர் கேட்கிற பெட்டியைத் தூக்குங்கோ, தங்கச்சி. பெயர் கேட்டால் அவர் போயிடுவார்."

சாருஜா மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். பருத்தித்துறையில் கேக் கடை வைத்திருக்கும் றஜிந்தனுக்கு அவள்தான் இணையத்தளம் வடிவமைத்துக்கொண்டிருந்தாள்.

"பெயர் இல்லாமல் எப்பிடி அண்ணை ஓடர் எடுக்கிறது?"

"காசு கார்ட்டிலை வருதெல்லே, அது காணும். ஃபோன் நம்பரும் வேண்டாம். நான் எடுத்தால் அவர் கதைக்கமாட்டார்."

"வேறை?"

"எழுத்தைப் பெரிசாக்குங்கோ. கண்ணாடியை எங்கையாவது வைச்சிட்டுத் தேடுற ஆள். உந்த ஆடுற படங்களையும் எடுத்துவிடுங்கோ. அவருக்குக் கோவம் வந்திடும்."

சாருஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பாவிக்கப்போகிறவரைத் தெரிந்துகொண்டுதான் தளம் செய்யவேண்டும் என்று எல்லோரிடமும் சொல்பவள் அவள். ஆனாலும் வாடிக்கையாளரை இவ்வளவு நுணுக்கமாக அறிந்து வைத்திருந்த முதலாளியை அவள் இதுவரை கண்டதில்லை.

"அவரை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோவன். எங்கை தடுமாறுறார் எண்டு பக்கத்திலை இருந்து பார்க்கலாம்."

"இந்த வாசலை மிதிக்கமாட்டார்."

"அப்ப வேறை கடையிலை வாங்கட்டும்!"

"வேறை கடையிலை வாங்கினால் எனக்கு என்ன பிரயோசனம்? வாற வெள்ளிக்கு முந்தி முடிச்சுத் தாங்கோ."

அவன் கேட்டபடியே செய்து கொடுத்தாள். றஜிந்தன் உடனே இணைப்பைச் சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டான்.

தளம் திறந்த அன்று காலையிலேயே லண்டனிலிருந்து ஒரு ஓடர். பிறகு கனடாவிலிருந்து. சாருஜா துள்ளினாள். றஜிந்தனோ ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அவர் இல்லை" என்று மாவைக் குழைக்கப் போய்விட்டான்.

பின்னேரம் மறுபடி மணி ஒலித்தது. இந்தமுறை பருத்தித்துறையிலிருந்தே ஒரு ஓடர். றஜிந்தன் திரையை இரண்டு தரம் வாசித்தான். பிறகு "வந்திட்டார், தங்கச்சி! வந்திட்டார்!" என்று கூவியபடி, மாவுக் கையோடு கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் ஓடினான்.

சாருஜா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். வெள்ளிக்கிழமை கேக் போய்ச் சேரவேண்டிய முகவரி, றஜிந்தனின் வீடேதான். கேக்கின் மேல் எழுதவேண்டியது: 'என் பேத்திக்கு முதலாவது பிறந்தநாள் வாழ்த்து.'

உள்ளே அவன் மனைவியிடம் கத்துவது கேட்டது.

"நிரோஜா! எங்கடை கலியாணத்துக்குப் பிறகு முதல்தரமா உம்மடை அப்பா எங்களோடை கதைச்சிட்டார்!"