நாற்பது பேர் நடக்கும் பாதை

கிட்டத்தில் வாருங்கள் கண்ணுகளா, சாரல் படாமல் நெருங்கி உட்காருங்கள். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு பாதை எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். சின்னக் கதைதான், கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

முதல் கோடு இருளப்பன் பெண்டாட்டி மருதம்மாளுக்கு. தோட்டத்துக் கணக்கெழுதும் பரஞ்சோதி கிராணி ரப்பர் மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, அவள் கால்களைத்தான் பார்த்தான். சயாம் ரயில் வேலைக்கென்று இந்த லயத்து வரிசை வீடுகளின் ஆண்களைப் பெயர் எழுதி லாரியில் ஏற்றிய நாளிலிருந்து, அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அவள் இடது பெருவிரலில் நகம் இல்லை. இடுப்பில் சுற்றியிருந்த சாக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. துணி என்பதே கண்ணில் படாத காலம் அது.

"எங்க போறீங்கக்கா?"

"திகாம் பத்து டவுனு பசாருக்கு. எழுதிக்குங்க ஐயா. நாப்பதுல ஒண்ணு கொறஞ்சா என்னாவும்?"

"அரிசி வராதுக்கா."

பெட்ரோல் இல்லை, லாரி ஓடவில்லை. தோட்டங்களையும் டவுன்களையும் சைக்கிள் பாதையாலும் நடைபாதையாலும் கோத்துவிட ஜப்பான்காரர்கள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து சங்கு ஊதும்வரை நாற்பது பேர் நடக்கிற வழியென்றால் அது சைக்கிள் பாதை ஆகும். ஓடைக்குப் பாலம் வரும், பாலத்தின் மேல் அரிசி வரும். ஓர் ஆள் குறைந்தாலும் அந்த லயம் வரைபடத்திலேயே இருக்காது.

"நீங்கதான் கணக்கா எழுதுறவராச்சே," என்றாள் மருதம்மாள். "அன்னிக்கும் ஒண்ணு கொறயாமத்தானே எழுதுனீங்க."

பரஞ்சோதிக்கு வலிக்கவில்லை. வலித்துப் பல மாதம் ஆகிவிட்டது. வாய்க்கு வந்ததைக் கேட்டான்.

"சாக்கு அரிக்கலையாக்கா? பெட்டியில இருளப்பண்ணன் கைலி இருக்குமே, அத எடுத்துக் கட்டலாமில்ல?"

"கட்டலாம். நாளைக்கு அவரு வந்து நின்னா எதக் கட்டுவாரு?"

அவள் ஓடைப் பக்கம் இறங்கி மூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அடுத்து செலஸ்டின் பெண்டாட்டி அகத்தா. செலஸ்டினும் அதே லாரியில் போய்த் திரும்பாதவன்தான்.

"எங்க போறீங்க?"

"மாமியா வீட்டுக்கு."

"இந்நேரத்துலயா?"

"வெயில் ஏறிப் போனா மரவள்ளிக் கெழங்கு தீந்துரும் லா." மரத்தில் சாய்த்திருந்த அவன் சைக்கிளை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "டயருக்குப் பதிலா கயித்தச் சுத்தி வச்சிருக்கீங்க. இதுக்கு ஒரு பாதை, ஒரு பாலமா?"

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். பரஞ்சோதி ஆளுக்கொரு கோடு போட்டான்.

பிறகு ஆண்கள் வரத் தொடங்கினார்கள். தூறலுக்குத் தலையோடு முகத்தையும் துண்டால் சுற்றியிருந்தார்கள். எங்கே என்று கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. ஓடையைக் கைகாட்டிவிட்டு நடந்தார்கள். காக்கிக் கால்சட்டைக்குக் கீழே இன்னொரு நகமில்லாத பெருவிரல் போனது. தோட்டத்துக் காலில் நகம் எங்கே தங்குகிறது? அதற்கும் ஒரு கோடு.

ஐந்தைந்தாகக் கட்டினான். ஏழு கட்டு, நாலு கோடு.

நாற்பதாவது ஆள் வந்தபோது அவன் கண் காலோடு நிற்கவில்லை. சிவப்புக் கட்டம் போட்ட கைலி. இருளப்பன் நல்ல நாள் பார்த்து மட்டும் கட்டுவது. லாரி ஏறிய அன்று அவன் ரப்பர்ப் பால் வெட்டப் போகும் அரைக்கால் சட்டையோடுதான் போனான்.

சயாமிலிருந்து சிலர் தப்பி வந்துவிட்டதாகப் பாலிங் ஊர்ப் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. அப்படியென்றால் இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் போன ஆண்கள்? மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது சுருக்கென்று குத்துமே, அப்படி அவன் நெஞ்சுக்குள் குத்தியது.

கோட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான். "இருளப்பண்ணே! எப்பண்ணே வந்தீங்க?"

கைலி நின்றது. அத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவன் ஒரு முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

துண்டு இறங்கியது. மருதம்மாள்.

அவளுக்குப் பின்னால், கைமாறி வந்த அந்தத் தொளதொளத்த காக்கிக் கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி அகத்தா மூச்சு வாங்க நின்றாள்.

தூரத்தில் சங்கு ஊதியது. பரஞ்சோதி நோட்டைப் பார்த்தான். எட்டுக் கட்டு. அழிரப்பரைத் தேடவில்லை, பென்சிலைக் காதில் செருகி, நோட்டை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

மருதம்மாள் சாதாரணமாகக் கேட்டாள்.

"பத்தலையா ஐயா? இன்னொரு சுத்து வர்றோம். செலஸ்டின் சட்ட ஒண்ணு இன்னும் மடிச்சபடியே கெடக்கு."

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் மடித்து வைத்த துணிக்கெல்லாம் உடுத்த ஆள் இருக்கட்டும்.