பேரைச் சொல்லும்மா

"கைதி பேரைச் சொன்னாத்தான் உள்ளே விடுவேன். சட்டம் அப்படி," என்பார் வேலூர் ஜெயில் வாசலில் நிற்கும் வார்டர் ஆதிகேசவன்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவள் செண்பகம். "ஆம்பூர் தோல் ஷாப்புல வேலை செஞ்சவருங்க. கள்ளுக்கடை மறியல்ல பிடிச்சாங்க. காஞ்சிபுரத்து சாமி பேருதான்," என்று வந்தபோதெல்லாம் கெஞ்சினாள்.

ஆதிகேசவனுக்குப் புரியாமல் இல்லை. அவள் தவிப்பது அவருக்கு வேடிக்கை. திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆதிகேசவன் நாலு நாள் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று ஜெயிலைப் பார்வையிட மாஜிஸ்திரேட் வந்திருந்தார். செண்பகம் நேரே அவர் முன்னால் போய் நின்றதும் ஆதிகேசவன் பதறி ஓடி வந்தார்.

"என் புருஷனைப் பாக்க இவரு ஒரு தடவைகூட விடலீங்க."

"பேரே சொல்லாட்டி நான் யாரைன்னு கூப்பிடறதுங்க ஐயா?" என்று முந்திக்கொண்டார் ஆதிகேசவன்.

"உன் புருஷன் பேர் என்னம்மா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"ஏகாம்பரம்," என்றாள் செண்பகம், தயங்காமல்.

ஆதிகேசவனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "பாத்தீங்களா ஐயா? இதைத்தானே நான் இத்தனை நாளும் கேட்டேன். இன்னிக்கு மட்டும் எப்படிம்மா வாயில வந்துச்சு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"முந்தாநாள் வரைக்கும் அவரு உசுரோட இருந்தாரு."