இன்னும் ஒரே ஒரு புகார்

“அக்கா, மேல் வீட்டம்மா இறங்கி வராங்க. கூடவே செயலாளரும்” என்றான் காக்டெய்ல் கலக்குகிறவன், ஷேக்கரைத் துண்டில் சுற்றியபடியே.

கல்லாவில் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார் அந்த அம்மா. வீட்டில் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு, கையில் கைப்பேசி, தூக்கமில்லாமல் சிவந்து வீங்கிய கண்கள். பின்னால் குடியிருப்போர் சங்கச் செயலாளர், முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

தரைக்குக் கீழே, முன்பு வேண்டாத சாமான்களைப் போட்டு வைத்திருந்த அறை அது. முழங்கையை நீட்டினால் பக்கத்து மேஜைக்காரரின் கோப்பை கவிழும். அங்கே அக்கா கடையைப் பார்த்துக்கொள்ள, அவள் தம்பி தன்னைவிட உயரமான பாஸ் என்கிற தந்தி வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜாஸ் வாசிக்க, இரண்டு வருஷமாக ஒரு வம்பும் இல்லாமல் ஓடியது. வாசலில் பார்த்தால் மேல் வீட்டம்மாகூட ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் போவார்.

புதுச் செயலாளர் வந்தார், வினை வந்தது. சத்தத்தைப் பற்றிச் சங்கத்துக்குப் புகார் வந்திருக்கிறதாம். யார் சொன்னது என்று கேட்டால் சொல்ல மாட்டாராம். இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் கடைக்குப் பூட்டு என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பயந்து, போன வாரம் கூரை முழுக்கப் பழைய மெத்தைகளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிரஷ்ஷால் தடவ ஆரம்பித்தார். தம்பி தந்திகளைத் திருடன் மாதிரி தொட்டான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் பேசுகிற பேச்சு மாதிரி ஆகிவிட்டது வாசிப்பு.

அந்த அம்மா கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். தம்பி வாசிப்பை நிறுத்தினான்.

“வாங்கம்மா, உட்காருங்க” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள் அக்கா.

“உட்கார நேரமில்லம்மா. அவர் பக்கத்துல பொண்ணை உட்கார வச்சிட்டு வந்திருக்கேன். உங்களால எங்க வீட்டுக்காரர் போன வாரத்துலேர்ந்து கண்ணையே மூடல. படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷன். மாத்திரை கொடுத்தாலும் கேக்கல. நானும் எத்தனை நாளைக்குத்தான் கூடவே முழிச்சிட்டு உட்கார்ந்திருப்பேன்? அதான் நேர்லயே சொல்லிடலாம்னு...”

“போதும்மா, இது போதும்.” செயலாளர் கைகளைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தார். “படியில பார்த்தேன், கீழதான் போறேன்னாங்க. சரி, நாமளும் கேட்டுக்கலாமேன்னு கூட வந்தேன். காதுல விழுந்துச்சா? படுக்கையில கிடக்கிறவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கீங்க. நாளைக்குக் காலையில பூட்டு.”

“இருங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கல” என்றார் அந்த அம்மா.

“நீங்க எதுக்கும்மா சிரமப்படறீங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

அக்காவுக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செயலாளரைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. இதுக்கு மேல எப்படிக் குறைக்கறதுன்னு எனக்குத் தெரியல” என்றவள், செயலாளர் பக்கம் திரும்பினாள். “தாராளமா பூட்டுங்க சார். ஆனா அது நாளைக்கு. இன்னைக்கு இது என் கடை. மூடப்போற கடையில எதுக்கு முணுமுணுத்துக்கிட்டு இருக்கணும்? ஒரே ஒரு பாட்டு. அம்மா, அதுவரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க.”

எலுமிச்சைத் தோல் சீவுகிற கத்தியை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினாள். கயிற்றை அறுத்தாள். முதல் மெத்தை விழுந்ததில் செயலாளரின் இஸ்திரி போட்ட சட்டை முழுக்கப் பஞ்சும் தூசும். குடிக்க வந்தவர்கள் எழுந்து மற்ற மெத்தைகளைப் பிடித்து இழுத்தார்கள். டிரம்ஸ்காரர் பைக்குள் கையை விட்டுக் குச்சிகளை எடுத்தார்.

“டேய், வாசிடா” என்றாள் தம்பியிடம். “யாருக்கும் பயப்படாம வாசி.”

வாசித்தான். பாஸின் அதிர்வு முதலில் கால்களில் ஏறியது, அப்புறம்தான் காதுக்கு வந்தது. டிரம்ஸ்காரர் ஒரு வாரத்துப் பாக்கியை எல்லாம் ஒரே மூச்சில் தீர்த்தார். காக்டெய்ல் கலக்குகிறவன் துண்டை உருவித் தூக்கிப் போட்டுவிட்டு, தாளத்துக்குத் தாளம் ஷேக்கரைக் குலுக்கினான். இரண்டு வருஷ உழைப்பு இந்த ஒரு பாட்டோடு முடியப்போகிறது என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

“இவங்க திமிரைப் பார்த்தீங்களாம்மா?” செயலாளர் தொண்டை கிழியக் கத்தினார். “உடனே நிறுத்தச் சொல்லுங்க.”

அந்த அம்மாவின் கைப்பேசி அதிர்ந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மேலே இருந்து மகள் சொல்வதைக் கேட்டார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“நிறுத்திடாதீங்க. அவர் இப்பத்தான் தூங்கினாராம்.”