சிவப்புப் பேனா நின்ற இடம்

பேனாக்களுக்கும் பேச்சு இருந்த ஒரு மத்தியானத்தில், ஆசிரியர் அறை மேசைமேல் ஆங்கிலக் கட்டுரை நோட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தலைப்பு, மழை. முப்பத்தெட்டு நோட்டுகளில் கைடு புத்தகத்தில் இருந்த ஒரே மழை பெய்திருந்தது. அடியில் கிடந்த, வடிவு என்ற மாணவியின் நோட்டில் மட்டும் அவளே எழுதிய மழை இருந்தது.

"கைடைப் பார்த்து எழுதக்கூடத் தெரியாதா உன் பிள்ளைக்கு?" என்று மேலிருந்த நோட்டு சிரித்தது. "சிவப்பு வருது பார். குறுக்கே ஒரே கோடுதான்!"

வடிவின் நோட்டு தன்னை இறுக மூடிக்கொண்டது. அந்தக் கோடு விழுந்தால் அவள் இனிச் சொந்தமாக எழுதமாட்டாள் என்று அதற்குத் தெரியும்.

சிவப்புப் பேனா அரைத்தூக்கத்தில் வந்தது. எந்த வரியில் சரி போடவேண்டும் என்பது அதற்கு மனப்பாடம். முப்பத்தெட்டையும் கண் திறவாமலே திருத்திவிட்டு, "நீயும் திற, அம்மா" என்றது.

நோட்டு மெல்லத் திறந்தது. தொலைந்த குட்டியைத் தேடும் ஆடு போல, மழை எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்று பார்க்கிறது என்று வடிவு ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

பேனா கண்விழித்தது. "அப்புறம்? குட்டி கிடைத்ததா?"

"அவள் இன்னும் எழுதவில்லை, ஐயா. மணி அடித்துவிட்டது."

மறுநாள் வடிவு நோட்டைப் பிரித்தாள். அந்த வரியின் முடிவில் சரியும் இல்லை, தவறும் இல்லை. வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றதால் ஊறிப் பரந்த ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் இருந்தது. அவள் அதன் பக்கத்திலிருந்தே அடுத்த வரியைத் தொடங்கினாள்.