அவரவர் வியாதி

குளித்துவிட்டு வந்து பார்த்தால், லேப்டாப்பில் தோல் மருத்துவம் மறுபடியும் முதலிடத்துக்கு ஏறியிருந்தது. அண்ணன் வேலை. அவனுக்கு முடி கொட்டுகிறது.

டாக்டர் மேற்படிப்புக்கு எந்தத் துறை வேண்டும் என்று கவுன்சலிங் பக்கத்தில் வரிசைப்படுத்தி, இன்று மாலைக்குள் பூட்டிவிட வேண்டும். அதுவரை எதை வேண்டுமானாலும் மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம். சாப்பாட்டு மேஜையில் அதைத் திறந்துவைத்துவிட்டுப் போனது என் தப்பு. எடுப்பார் கைப்பிள்ளையாகிவிட்டது.

அப்பா அந்தப் பக்கம் போனால் எலும்பு மருத்துவம் மேலே வரும். அவருக்கு மூட்டுவலி. அத்தைக்குச் சர்க்கரை. கண்ணாடி போடாமல் அதற்கான துறையைத் தேடி, பிரசவத்தை மேலே ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். அறுபது வயதில் அது அவளுக்கு எதற்கு என்று அண்ணன் கேட்டுவிட்டு அடி வாங்கினான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் வீட்டில் தனக்கு வந்ததைத் தவிர வேறெதுவும் யாருக்கும் தெரியாது.

அம்மா மட்டும் லேப்டாப் பக்கம் வரவில்லை. அவளுக்கு மாத்திரை கிடையாது, தைலம் கிடையாது. எங்கள் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பதோடு சரி. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள் என்று அத்தைக்கு அவள்மேல் பொறாமைகூட உண்டு.

எல்லாரும் கூடியிருந்தபோது சொல்லிவிட்டேன். எனக்கு மனநல மருத்துவம்தான் படிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் எல்லா வார்டிலும் வேலை பார்த்தேன். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தை மறந்தது அந்த ஒரு வார்டில்தான்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

பைத்தியங்களோடு பழகுகிறவளை யார் கட்டிக்கொள்வான் என்று அத்தை கவலைப்பட்டாள். இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு இப்படியா என்றான் அண்ணன். அப்பா கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கெஞ்சினார். வெளியில் தலை காட்ட முடியாதும்மா என்றார்.

அவர் கெஞ்சினால் எனக்குத் தாங்காது. எலும்பை முதலிடத்தில் வைத்தேன். பூட்டுவது மட்டும்தான் பாக்கி.

அழுகை வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அந்த மாதிரி டாக்டர்கிட்ட போய்ச் சொல்றதை, வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லிடுவாங்களா?"

யாருக்காகக் கேட்கிறாய் என்று வாயெடுத்தேன். கழுவின டம்ளரையே அவள் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கேட்கவில்லை.

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பயந்துவிடப்போகிறாள் என்று தோளில் கையை மட்டும் வைத்தேன்.

"மாட்டாங்கம்மா. பெத்த பொண்ணுகிட்டகூடச் சொல்ல மாட்டாங்க."

அம்மா தலையை ஆட்டினாள்.

கூடத்துக்குப் போனேன். மனநலத்தை மேலே ஏற்றிப் பூட்டினேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவரை அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

திரும்பி வந்தபோது குழாய் நின்றிருந்தது. அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கதவுப் பக்கமே பார்த்தபடி எனக்காகக் காத்திருந்தாள்.

நல்ல டாக்டர் யாரிடமாவது நாளைக்கே கூட்டிக்கொண்டு போகிறாயா என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் வெளியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.